நாலு காலும் தரையில்

கிளம்பு, கிளம்பு என்று ஊசிக்காரிக்குச் சொல்லச் சொல்லி இந்த வாரமும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள். உங்களுக்கென்ன, தபால்தலை ஒட்டினால் வேலை முடிந்தது. அவள் கிளம்ப வேண்டுமானால் ஆறு வயதுப் பெண் ஒருத்தி அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். மூன்று வாரமாக அது மட்டும் நடக்கவில்லை.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு மூச்சில் முன்கதை. ஊசிக்காரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். தெருப் பிள்ளைகள் பயந்துபோய் வைத்த பெயர் அது. புருஷன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான்; லென்ஸ்காரன் என்றால் போதும். வீட்டை ஆள்வது அவனுடைய அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் விசில். கல்யாணம் வேண்டாமென்று இருந்து தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். நாம் மறந்துவிடக் கூடாதே என்று தினமும் ஒரு தடவை ஞாபகப்படுத்துவார். அப்புறம் பொடிசு என்கிற மகள். கரியன் என்கிற பத்து மாத நாய்.

நாய் வருகிறவர் மேலெல்லாம் பாய்கிறது, செருப்பைக் கடிக்கிறது, சாப்பாட்டு மேஜையடியில் குரைத்தே கவளம் வாங்குகிறது. அதைத் திருத்தச் சனிக்கிழமைதோறும் ஒரு பயிற்சிக்காரர் வருகிறார். இடுப்புப் பையில் பிஸ்கட் துண்டுகளோடு நடமாடுவதால் அவர் பிஸ்கட் மாஸ்டர். அவருடைய முதல் பாடம் சின்னது. நாய் பாய்ந்தாலோ குரைத்தாலோ அதைப் பார்க்காதே, தொடாதே, பேசாதே. முதுகைக் காட்டி நில். நாலு காலும் தரையில் பட்ட பிறகு திரும்பு.

நல்ல பாடம்தான். டீச்சருக்கு அது அளவுக்கு மீறிப் பிடித்துப்போனதுதான் வினை.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாகிறது, போய்விடலாமா என்று ஊசிக்காரி கேட்ட நாளிலிருந்து, அவள் "வீடு" என்று வாயெடுத்தாலே, போகப்போக எதற்கு வாயெடுத்தாலும், மூன்று முதுகுகள் அவளைப் பார்க்கின்றன. போன வாரம் பொறுக்க முடியாமல் பொடிசைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். பொடிசு அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டு அத்தையிடம் ஓடிவிட்டாள். அந்தப் பல் தடம் இன்னும் ஆறவில்லை.

இனி இந்தச் சனிக்கிழமை.

*

"என்னங்க, இன்னிக்கு சாயந்திரம் ஆறு மணி வரைக்கும்தான். ஆறு அடிச்சா சாவியை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு அந்த வீட்டம்மா கறாரா சொல்லிட்டாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணாம்னாலும் அதைச் சொல்லுங்க."

லென்ஸ்காரன் முகம் மழித்துக்கொண்டிருந்தான். பிளேடு பாதிக் கன்னத்தில் நின்றது. பிறகு கண்ணாடியை விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, தடவித் தடவி மீதியை மழித்தான். சுவரைப் பார்த்து மழித்தால் கீறாமல் என்ன செய்யும்? தாடையில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

ரத்தத்தைக் கண்டால் கை தானாகப் பஞ்சைத் தேடும் தொழில் அவளுடையது. பஞ்சோடு அருகில் போனாள். அவன் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டான். பஞ்சைக் குழாய் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

கூடத்தில் பொடிசு படம் வரைந்துகொண்டிருந்தாள். வீடு, மரம், நாய், மூன்று பேர்.

"அம்மாவை எங்கே கண்ணு வரைஞ்சிருக்கே?"

பென்சில் நின்றது. பொடிசு நாற்காலியோடு சேர்ந்து திரும்பி, சின்ன முதுகைக் காட்டினாள். சமையலறையிலிருந்து டீச்சர் வந்தார்.  பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டுப் போனார்.

ஒன்று சொல்ல வேண்டும். மனிதர்கள் தன்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது ஊசிக்காரிக்குப் பழக்கமில்லாததல்ல. நரம்பு தேடி ஊசியைக் கொண்டுபோனால் பயில்வானும் அந்தப் பக்கம்தான் பார்ப்பான். "அங்கே பாருங்க, முடிஞ்சுடும்" என்று அவளே சொல்வாள். அதனால்தானோ என்னவோ, இந்த மூன்று வாரத்தையும் கோபம் என்றே நினைத்திருந்தாள். கோபம் என்றால் ஒருநாள் தீர்ந்துவிடும். பெரியவர், தம்பியைப் பிரிய மனமில்லாதவர், முகம் கொடுக்காமல் இருக்கிறார், ஆறிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள் பைத்தியக்காரி.

பத்து மணிக்கு மாஸ்டர் வருவார். கரியனின் கயிற்றை எடுக்கச் செருப்பு அலமாரியைத் திறந்தாள். நாய்க்கு எட்டாதபடி செருப்பையெல்லாம் அதில்தான் பூட்டி வைப்பது. கதவின் உள்பக்கம் நாயின் அட்டவணை ஒட்டியிருந்தது. பாய்தல், குரைத்தல், கடித்தல் என்று கட்டம் போட்டு, நாளொன்றுக்கு எத்தனை தடவை என்று டிக். இது அவளுக்குத் தெரிந்ததுதான்.

பசை காய்ந்து மேல் தாள் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. கீழே இன்னொரு தாள்.

அதற்குத் தலைப்பு இல்லை. அதே கட்டங்கள், அதே ஸ்கேல் கோடு, டீச்சரின் உருண்டைக் கையெழுத்து. தனி வீட்டுப் பேச்சு. அழுகை. எதிர்த்துப் பேசுதல். கதவைச் சாத்துதல். கடைசிக் கட்டத்தில், படுக்கையறை.

முதல் நாள் தனி வீட்டுப் பேச்சு ஆறு தடவை. இரண்டாம் நாள் ஏழு. பிறகு நாள் போகப் போக ஐந்து, மூன்று, ஒன்று. அழுகைக் கட்டத்தில் முந்தாநாளும் நேற்றும் வெறுமை. ஓரத்தில் சிவப்பு மையில், "முன்னேற்றம் தெரிகிறது."

சிவப்பு டிக் எல்லாம் டீச்சருடையது. படுக்கையறைக் கட்டத்தில் மட்டும் நீல மை. கடைசியில் நீளமாக வால் இழுத்த டிக்.

அவள் மேல் தாளை மறுபடி அழுத்தி ஒட்டினாள். கயிற்றை எடுத்துக்கொண்டாள். கரியன் வந்து அவள் கையை நக்கியது.

*

"டீச்சர், இது யார்கிட்ட பழகுது?" என்றார் பிஸ்கட் மாஸ்டர்.

"என்கிட்டதான். நான்தானே தினமும் பயிற்சி குடுக்கறேன்."

"எங்கே, உக்கார வைங்க பாக்கலாம்."

டீச்சர் விசிலை வாயில் வைத்து ஒன்று ஊதினார். முந்நூறு பிள்ளைகள் வரிசையில் நின்றுவிடும் ஊதல். கரியன் காதை ஒடுக்கிக்கொண்டு ஊசிக்காரியைப் பார்த்தது. அவள் விரலை லேசாக அசைத்தாள். உட்கார்ந்தது.

மாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட! அம்மா, நீங்க எப்போ கத்துக்குடுத்தீங்க?"

"சும்மா பேசிட்டிருப்பேன் சார். வீட்டுல பேசறதுக்கு இதுதான் இருக்கு."

டீச்சர் சட்டென்று திரும்பிக்கொண்டார். இது எதிர்த்துப் பேசுதல் கட்டத்தில் சேரும் போலிருக்கிறது.

மாஸ்டர் உலகம் தெரியாதவர் அல்ல. ஆனால் நாயைத் தவிர வேறு எதிலும் தலையிடாதவர். பிஸ்கட் துண்டை விரலில் உருட்டியபடி பாடத்தைத் தொடர்ந்தார்.

"இனிமே ஒண்ணு கவனிங்க. கத்தறது கொஞ்சம் கொஞ்சமா குறையும். ஆனா அடியோட விடறதுக்கு முன்னாடி ஒருநாள், உயிர் போற மாதிரி ஒரு கத்து கத்தும். அதுதான் கடைசிக் கத்தல். அன்னிக்கு மனசு இளகி யாராவது ஒருத்தர் திரும்பினீங்க, அவ்வளவுதான். இன்னும் பலமா கத்தினா திரும்புவாங்கன்னு அதுக்குப் புரிஞ்சுடும். பட்ட பாடெல்லாம் பாழ்."

"இந்த வீட்டுல யாரும் திரும்ப மாட்டாங்க" என்றார் டீச்சர். சொல்லும்போது பார்த்தது நாயை அல்ல.

"அதே சமயம், அடங்கினதும் நீங்க திரும்பணும். தடவிக் குடுக்கணும், கொஞ்சணும். பாதிப் பேர் இதைத்தான் மறந்துடறாங்க. முதுகு காட்டறது எவன் வேணா செய்வான் டீச்சர். திரும்பறதுலதான் பயிற்சியே இருக்கு."

டீச்சர் நோட்டில் "கடைசிக் கத்தல்" என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அதன் கீழே, சின்னதாக, "பிறகு பரிசு" என்றும் எழுதிக்கொண்டார்.

"சார்" என்றாள் ஊசிக்காரி. "கத்தறதை நிறுத்திட்டா, நாய் சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?"

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படிச் சொல்லிட முடியாதும்மா. வெறும் முதுகையே காட்டிட்டிருந்தா சில நாய் கத்தறதை நிறுத்திடும். அதோட, கூப்பிட்டா வர்றதையும் நிறுத்திடும்."

கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னார். "இழுக்காதீங்க. இழுத்தா எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். ஒரு தடவை கூப்பிடுங்க, நீங்க பாட்டுக்கு நடங்க. வரணும்னு இருந்தா வரும்."

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

*

மத்தியானம் கண்ணாடிக் கடைக்குப் போனாள். வீட்டில் திரும்பிக்கொள்கிறவன் கடையில் என்ன செய்வான் பார்ப்போம் என்றுதான் போனாள்.

பின்பக்கத் தடுப்பில் லென்ஸ்காரன் தனியாக இருந்தான். சக்கரம் சுற்றியது, தண்ணீர் சொட்டியது, லென்ஸின் ஓரம் தேய்ந்து வெள்ளைச் சாந்தாக வழிந்தது. அவளைப் பார்த்ததும் சக்கரத்தின் பக்கம் குனிந்துகொண்டான். ஆள் இளைத்துத்தான் போயிருந்தான். பாவமாகக்கூட இருந்தது. இந்தப் பாவம் பார்க்கும் புத்திதான் பெண்களைப் பாழாக்குகிறது என்று என் தோழி ஒருத்தி சொல்வாள். அவளுக்கும் புருஷனை விட மனம் வரவில்லை, அது வேறு கதை.

"செருப்பு அலமாரியைத் திறந்தேன்" என்றாள் ஊசிக்காரி.

சக்கரம் நின்றது.

"உங்க அக்கா எழுதி வச்சிருக்கறதைப் பாத்தேன். உங்களுக்குத் தெரியுமா அது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். மேஜையில் தேய்த்து முடித்த லென்ஸ்கள் சின்னச் சின்னக் காகித உறைகளில் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு உறையின் மூலையிலும் முடிந்தது என்பதற்கு ஒரு டிக். நீல மை. கடைசியில் நீளமாக ஒரு வால்.

அவள் ஓர் உறையை எடுத்தாள். பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"படுக்கையறை" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

லென்ஸ்காரன் மூன்று வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தான்.

"எழுதினதெல்லாம் அக்காதான். நான் டிக் மட்டும்தான் போட்டேன்."

அவள் உறையைக் கையிலேயே வைத்திருந்தாள். அவனுக்கோ, அடைத்திருந்த குழாய் திறந்த மாதிரி வார்த்தை வந்தது.

"உள்ளே நீ பேசறது அக்காவுக்கு எப்படித் தெரியும்? கணக்கு தப்பாயிடும்னு சொன்னா. அதான். எல்லாம் உன் நல்லதுக்குத்தான். நாய்க்கு வலிச்சுதா சொல்லு? அடிச்சோமா? திட்டினோமா? ஒரு பத்து நாள் பேசாம இருந்தா எல்லாம் தானா அடங்கிடும்னு அக்கா சொன்னா. அக்கா சொல்லி எது தப்பாப் போயிருக்கு?"

"அன்னிக்கு ராத்திரி நான் அழுதேனே. உங்க முதுகுல தலையை வச்சு அழுதேனே."

"அதையும்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அதற்கும் ஒரு டிக். காலையில் எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்துவிட்டுப் போட்டிருப்பான்.

அடித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அடித்த இடத்தைக் காட்டி நாலு பேரிடம் சொல்லலாம். திரும்பிக்கொண்ட முதுகை யாரிடம் காட்ட முடியும்?

"ஆறு மணி" என்றாள். உறையை இருந்த இடத்திலேயே அடுக்கி வைத்துவிட்டு நடந்தாள்.

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் லென்ஸ்காரன் ஃபோனை எடுத்துவிட்டான். "அக்கா, அவ தாளைப் பாத்துட்டா."

"நல்லதாப் போச்சு" என்றார் டீச்சர். "இன்னிக்கு வந்து கத்துவா. அவர் சொன்னாரே, கடைசிக் கத்தல், அதுதான். நீ கடையை விட்டுட்டு அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடு. மூணு பேரும் இருக்கணும்."

*

ஐந்து மணிக்கு மூன்று பேரும் கூடத்தில் தயாராக இருந்தார்கள். மேஜை மேல் ஒரு கேக் பெட்டி. இன்று இல்லாவிட்டால் நாளை, அடங்கினதும் கொடுக்க வேண்டுமே என்று டீச்சர் வாங்கி வைத்த பரிசு.

ஊசிக்காரி வந்தாள். செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். டீச்சர் முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்பி நிற்க ஆயத்தமானார்.

அவள் கத்தவில்லை.

அறைக்குள் போய் ஒரு பையில் நாலு துணி வைத்தாள். பொடிசின் இரண்டு கவுன், ஒரு பென்சில் பெட்டி. அப்புறம் அழுக்கான முயல் பொம்மை. அது இல்லாமல் பிள்ளைக்குத் தூக்கம் வராது. வெளியே வந்து பையைக் கதவோரம் வைத்தாள். ஒரு விசும்பல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை.

சுவர்க் கடிகாரம் ஐந்து இருபது காட்டியது. டீச்சர் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தான். ஐந்து முப்பதாயிற்று. கத்தவேயில்லை.

டீச்சரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியாடா? அடங்கிட்டா" என்றார். அவள் அங்கே இல்லாத மாதிரிதான் சொன்னார். பிறகு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். அந்த முகத்தில் இருந்தது நடிப்பில்லை, உண்மையான பிரியம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"வாம்மா, வந்து உக்காரு. உனக்குப் பிடிச்ச கேக் வாங்கி வச்சிருக்கேன். எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம். எத்தனை நாளாச்சு!"

பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை இவ்வளவு அன்பாகச் செய்ய முடியும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஊசிக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பொடிசு, இப்போ கூப்பிடலாம். அம்மாவைக் கூப்பிடு" என்றார் டீச்சர்.

எந்த ஒரு சொல்லுக்காக அவள் இந்த வீட்டுத் தரையில் இருபத்தோரு நாள் நடந்தாளோ, அந்தச் சொல் வந்தது.

"அம்மா."

ஊசிக்காரியின் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. பொடிசு சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண் அத்தை மேல் இருந்தது. சொல்லி முடித்ததும் வலது கையை அத்தையிடம் நீட்டி, உள்ளங்கையை விரித்தாள்.

மிட்டாய் விழுந்தது.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு விரல் நீள மிட்டாய். ஆனால் ஊசிக்காரி அதைப் பார்த்த மாதிரி தன் ரத்தத்தையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னும் ஒரு மாதம் இங்கே இருந்தால், கேக்குக்குத் தானும் கை நீட்டுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பொடிசின் முன்னால் குந்தினாள். இழுக்கவில்லை. தொடக்கூட இல்லை.

"கண்ணு, அம்மா இப்போ சாவி வாங்கப் போறேன். நம்ம புது வீட்டுச் சாவி. என்கூட வர்றியா?"

பொடிசு வாயில் மிட்டாயோடு அத்தையைப் பார்த்தாள். டீச்சர் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டார். முதல் தடவையாக அந்த முதுகு பிள்ளைக்கு. பொடிசின் முகம் வெளுத்தது. ஓடிப்போய் அத்தையின் புடவையைப் பிடித்து, "நான் போகலை அத்தை, நான் போகலை" என்றாள். டீச்சர் திரும்பித் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஊசிக்காரி எழுந்தாள். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை.

"சரி கண்ணு. அம்மா போய் சாவி வாங்கிட்டு வர்றேன். வந்து மறுபடி கூப்பிடறேன். நாளைக்கும் கூப்பிடுவேன்."

பையை எடுத்தாள். கதவைத் திறந்தாள். கரியன் மேஜையடியில் கேக் பெட்டியை மோந்துகொண்டிருந்தது.

"கரியா, வா" என்றாள், ஒரே ஒரு தடவை. அவள் பாட்டுக்கு நடந்தாள்.

நாய் கேக்கை விட்டுவிட்டு வந்தது.

டீச்சர் விசிலை ஊதினார். இன்னொரு தடவை, மூச்சு முட்ட ஊதினார். கரியனின் காது ஆடியது, கால் நிற்கவில்லை. அந்த வீட்டில் கூப்பிட்டதும் வந்த உயிர் அது ஒன்றுதான்.

அவள் படி இறங்கும்போதே பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. மணி ஐந்து நாற்பத்தைந்து. நடந்தால் பத்து நிமிடம், சாவி வாங்கிவிடலாம்.

பத்து அடி போயிருப்பாள்.

"அம்மா!"

இது வேறு குரல். பொடிசுக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது. மூன்று வாரமாக விளையாடிய விளையாட்டில், முதுகைத் திருப்பினால் அம்மா அங்கேயே நிற்பாள், அழுவாள், மறுபடி கூப்பிடுவாள். இன்று அம்மா நிஜமாகவே போய்விட்டாள்.

"அம்மா! அம்மா! ம்மா!"

அடிவயிற்றிலிருந்து வரும் கத்தல். இந்த "அம்மா"வுக்கு யாரும் மிட்டாய் தரவில்லை.

பை கீழே விழுந்தது. அவளுக்கு முன்னால் கரியன் திரும்பி ஓடியது. கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "திறங்க! பிள்ளையை விடுங்க! திறங்க!"

கதவுக்குப் பக்கத்து ஜன்னல் பாதி திறந்திருந்தது. கம்பி வழியாகக் கூடம் தெரிந்தது.

பொடிசு கதவின் அந்தப் பக்கம் தாழ்ப்பாளைப் பிடிக்க எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தாள். எட்டவில்லை. விழுந்தாள். எழுந்து மறுபடி குதித்தாள். வாயிலிருந்த மிட்டாய் தரையில் கிடந்தது, அதை அவளே மிதித்தாள். தாழ்ப்பாளைப் பார்த்துக் கத்தினாள், ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள், கடைசியில் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

அப்பா சுவரைப் பார்த்து நின்றான்.

டீச்சரும் சுவரைப் பார்த்துத்தான் நின்றார். அவர் குரல் பதறவில்லை. மைதானத்தில் பேசும் அதே குரல்.

"திரும்பாதேடா. இதுதான் அவர் சொன்ன கடைசிக் கத்தல். வெளியே ஒண்ணு, உள்ளே ஒண்ணு. ரெண்டும் அடங்கிடும். இப்போ திரும்பினா எல்லாம் பாழ்."

"அக்கா, பிள்ளை..."

"கால் தரையில படட்டும். அதுவரைக்கும் திரும்பாதே."

பொடிசு அப்பாவின் காலை விட்டுவிட்டு மறுபடி கதவுக்கு ஓடினாள். எம்பினாள். விரல் நுனி கதவில் ஒரு முழம் கீழேதான் பட்டது. ஊசிக்காரி ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். தோள் வரை போனது, தாழ்ப்பாள் வரை போகவில்லை. தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

"என்னங்க" என்றாள் அவள். கத்தவில்லை. படுக்கையறையில் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, ஒரே ஒரு தடவை திரும்புங்க."

லென்ஸ்காரனின் முதுகு குலுங்கியது. காலையில் கீறிய தாடையிலிருந்து மறுபடி ரத்தம் கசிந்து சட்டைக் காலரில் இறங்கியது. கை பாதி எழும்பி, அப்படியே நின்றது.

அந்தத் தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.